அரை நாள் கட்டில்

மார்ச் 3, செவ்வாய்

சம்பளம் வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, கையில் நாலாயிரத்து நூறு. வீட்டுக்கு நாலாயிரம் அனுப்பியாயிற்று. வாடகையில் என் பங்கு நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்தாயிற்று. பஸ் பாஸ் எடுத்தாயிற்று. லேப் கோட்டுக்கும் ஷூவுக்கும் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். வேலைக்கு வந்தவளிடமே வேலைச் சட்டைக்குக் காசு பிடிக்கிற சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்! மிச்சத்தை இருபத்தெட்டால் வகுத்தேன். நாளுக்கு நூற்று நாற்பத்தாறு. மறுபடி வகுத்தேன். அப்போதும் அதேதான் வந்தது.

பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு இந்த ஊரில் தனி அறையை நினைத்துப் பார்க்கவே முடியாது. எனக்கு வாய்த்தது ஒரு கட்டிலில் பாதி நாள். மாடி அறை, ஒரே கட்டில், இரண்டு பேர். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறரை வரை நான். ஏழரைக்கு ரொட்டிக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு அக்கா வந்து படுப்பாள். கூடப் பிறந்த அக்கா இல்லை, கட்டிலைப் பங்கு போட்ட அக்கா. நான் ஆஸ்பத்திரி லேபுக்குக் கிளம்பும்போது வாசலில் கால் மணி நேரம் பார்த்துக்கொள்வோம். வளைந்துபோன, விற்காத ரொட்டி இருந்தால் கையில் திணிப்பாள். “தின்னு, மூஞ்சியப் பாரு, நாலு நாள் பட்டினி கெடந்தவ மாதிரி.”

வீட்டில் என் சம்பளம் இருபத்திரண்டாயிரம். வேலை கிடைத்த அன்று அம்மா “எவ்வளவுடி?” என்று கேட்டாள், அந்த எண் வாயில் வந்துவிட்டது. அதை நம்பித் தம்பியின் காலேஜ் ஃபீஸுக்குக் கடன் வாங்கிவிட்டாள். ஜூனில் பர்மனன்ட் ஆனால் நிஜமாகவே இருபத்திரண்டு. ஜூன் வரைக்கும் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும்.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டுச் சொந்தக்காரரான கீழ் வீட்டம்மா மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்று சொன்னார்:

“ஏப்ரல்லேருந்து பதினொண்ணு. தண்ணி, கரண்ட் எல்லாம் ஏறிப்போச்சு. நான் என்ன பண்ண?”

ஒன்பதாயிரம் வாடகை பதினோராயிரம் ஆகிறது. ஆளுக்கு ஆயிரம் கூட. அக்கா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். “யோசிச்சு சொல்றோம்மா” என்று கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “யோசிக்க என்ன இருக்கு? இந்தத் தெருவுல இதான் மலிவு. அஞ்சாம் தேதிக்குள்ள குடுக்கலைன்னா சாமான் வெளியில இருக்கும்.”

நாளுக்கு முப்பத்து மூன்று குறையும். முப்பத்து மூன்று என்றால் மத்தியானச் சாப்பாடு.

மார்ச் 9, திங்கள்

மத்தியானம் பிஸ்கட். இப்போதே பழகிக்கொள்ளலாமே என்று. மூன்று மணிக்குத் தலை சுற்றியது.

மார்ச் 12, வியாழன்

ஜெயித்துவிட்டேன்!

லேப் மேடம் எல்லாரையும் கூப்பிட்டு, நைட் பார்த்துக்கொண்டிருந்தவள் பிரசவ லீவில் போகிறாள், திங்களிலிருந்து யார் வருகிறீர்கள் என்று கேட்டார். எல்லாரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். “நைட் அலவன்ஸ் ரெண்டாயிரத்து ஐந்நூறு” என்று அவர் முடிப்பதற்குள் என் கை மேலே இருந்தது. “வீட்டுல கேக்க வேண்டாமா?” “வேண்டாம் மேடம்.” என் வீட்டில் நான்தானே!

வாடகைக்கு ஆயிரம் போக ஆயிரத்து ஐந்நூறு மிச்சம். பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் வாசலில் வைத்தே அக்காவிடம் சொன்னேன். அவள் பையைக் கீழே வைத்தாள்.

“நைட்டா? அப்ப பகல்ல தூங்குவ.”

“ஆமாக்கா.”

“எங்கடி தூங்குவ?”

நான் கதவு வழியே கட்டிலைப் பார்த்தேன்.

“நான் எங்க படுக்கறது? உன் தலையிலயா?”

ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போட்டிருக்கிறேன். ஒன்று, பத்து, நூறு எல்லாம் சரி. கட்டில் ஒன்று என்பது மட்டும் கணக்கில் வரவே இல்லை. அடி அசடே. உன்னையெல்லாம் எவன்டி லேப்ல சேத்தான்?

மார்ச் 14, சனி

மேடத்திடம் போய் நின்றேன். அட்டவணை போட்டாகிவிட்டது, தலைமை அலுவலகத்துக்கும் போய்விட்டது என்றார். “ப்ரொபேஷன்ல இருக்கற. ரெண்டு நாள்ல பேச்ச மாத்தினா நான் உன்னைப் பத்தி என்ன எழுதறது?”

மாலையில் மூன்று லேடீஸ் ஹாஸ்டல் ஏறி இறங்கினேன். ஒன்றில் இடமில்லை. ஒன்றில் மூன்று மாத அட்வான்ஸ். கடைசி ஹாஸ்டலில் இருந்த பெண் நல்ல மாதிரி, “பகல்ல பெட்டுல படுக்கக்கூடாது, எங்க ரூல்” என்றாள். பெட்டை வேறு எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

அக்கா கோபம் தணிந்து ஒரு வழி சொன்னாள். ரெண்டு மணி வரை அவள் கட்டிலில், நான் தரையில். பிறகு அவள் எழுந்து சமையலைப் பார்ப்பாள், நான் ஏழு வரை கட்டிலில். அவள் எப்போதும் மூன்று மணிக்குத்தான் எழுவாள். ஒரு மணி நேரத்தை எனக்காக விடுகிறாள், ஆனால் அதைச் சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி. அதில்தான் கதவும் திறக்க வேண்டும். மாடித் தளம் பத்து மணிக்கே கொதிக்க ஆரம்பிக்கிறது. தெருவில் காய்கறி வண்டி, ஹாரன், எதிர்க் கட்டடத்தில் ஓயாத டிரில்லிங். அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து என் கையை மிதித்தாள். “ஐயோ, மன்னிச்சுக்கோ” என்று பதறிப்போனாள். பாவம், அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

ஒரு மணி நேரம் தூங்கியிருப்பேனா? இருக்காது.

மார்ச் 22, ஞாயிறு

அம்மா போன். தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். “மத்தியானம் ஒரு மணிக்கா? உடம்புக்கு என்ன?” ஞாயிற்றுக்கிழமைம்மா, சும்மா படுத்தேன் என்றேன். நைட் போகிறேன் என்று சொன்னால் எதற்கு, எவ்வளவு, ஏன் என்று கிளம்பிவிடுவாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய்தான் சொல்வது? “இருபத்திரண்டாயிரம் வாங்கற, ஒரு நல்ல மெத்தையா வாங்கிப் போட்டுக்கோ” என்றாள்.

சிரித்தேன். கட்டிலில் அக்கா புரண்டு படுத்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

அக்காவுக்கு முழங்கைக்குக் கீழே தீக்காயம். சூடான தட்டு பட்டுவிட்டதாம். “கண்ணு சொருகிடுச்சு, ஒரு செகண்ட்” என்றாள். என் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னாள். அந்த ஒரு மணி நேரம் நான் எடுத்துக்கொண்டது. இன்று மூன்று மணி வரை தரையிலேயே படுத்திருந்தேன். அவள் இரண்டுக்கே எழுந்துவிட்டாள்.

மார்ச் 26, வியாழன்

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

விடிகாலை மூன்று மணிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. எழுபது வயது மாமா ஒருவர், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. விதி என்ன? ஒருத்தருக்கு எடு, அங்கேயே பேர் கேட்டு டியூபில் ஸ்டிக்கர் ஒட்டு, பிறகு அடுத்தவரிடம் போ. முதல் நாள் முதல் பாடம். நான் என்ன செய்தேன்? இரண்டு பேர் ஸ்டிக்கரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேருக்கும் எடுத்தேன். லேபுக்கு வந்து உட்கார்ந்து ஒட்டினேன். உட்காரத் தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

மாமாவின் ரத்த வகை ஓ என்று வந்தது. போன வருட ரிப்போர்ட்டில் பி. ஒருவர் ரத்தத்தில் மற்றவர் ஸ்டிக்கர். அந்தப் பழைய ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் இல்லாமல் இருந்திருந்தால்? அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்திருந்தால்? கடவுளே.

ஸ்டிக்கரை உரித்து மாற்றி ஒட்டினால் முடிந்தது. லேபில் நான் ஒருத்திதான். ஒரு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் உரிக்கவும் ஆரம்பித்தேன். ஆமாம், ஆரம்பித்தேன், இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆனால் மாறியது இது ஒன்றுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆளுக்கு இரண்டாக நாலு டியூப். தூக்கக் கலக்கத்தில் எதை எதில் ஒட்டினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. நாலையும் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி எடுக்கப் போனேன்.

அந்தப் பெண் பேசாமல் கையை நீட்டினாள். மாமாவின் மருமகள்தான் கத்தினாள். “என்னம்மா, வயசானவரோட ரத்தம் உனக்கு விளையாட்டா? ஒரு தடவ குத்தினது பத்தாதா?” வார்டே எழுந்துவிட்டது. மாமா “விடும்மா, சின்னப் பொண்ணு” என்றார். அதுதான் தாங்கவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன்.

பிழைப் பதிவேட்டில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில் மேடம் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், “பகல்ல தூங்கறியா இல்லியா?” “தூங்க இடமில்ல மேடம்” என்றேன். எல்லாம் சொன்னேன். கட்டில், அக்கா, பதினொன்று, எல்லாம்.

“இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“அலவன்ஸ் மேடம்.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார். நீயே எழுதினதால வேலை இருக்கு. மூணு நாள் சம்பளமில்லாம வீட்டுல இரு. அப்புறம் டே ஷிஃப்ட். பர்மனன்ட் ஜூன்ல இல்ல, செப்டம்பர்ல பாக்கலாம். நைட் அலவன்ஸ் முழு மாசம் பாத்தாத்தான்.

அப்படியென்றால் ஒரு காசும் கிடையாது.

மார்ச் 28, சனி

வீட்டில் இரு என்றார். எந்த வீட்டில்?

டே ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். “அப்பாடா, என் கட்டில் என்கிட்டயே வந்துடுச்சு” என்று கையை உயர்த்தி ஆடினாள், காயக் கட்டோடு. அவளிடம் எப்படிச் சொல்வது? நேற்றும் இன்றும் லேப் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவளாகவே கிளம்பினேன். பஸ் பாஸ் இருக்கிறது. நாற்பத்தேழாம் நம்பரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. ஜன்னலில் தலை சாய்த்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது. கண்டக்டர் நாலாவது தடவை பார்த்தபோது அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன்.

இரண்டு நாளும் ஒரே யோசனை. செப்டம்பர். பொய்க்கு இன்னும் மூன்று மாதம் வயது கூடிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு திரிய என்னிடம் தெம்பு இல்லை.

மார்ச் 30, திங்கள்

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கம்பெனியில் யாரோ நான் பஸ்ஸில் வாய் பிளந்து தூங்குவதைப் பார்த்திருக்கிறார்கள்.

“லூசாடி நீ? சொல்லியிருந்தா தரையிலயாவது படுத்திருக்கலாமே!”

“உங்க கை, அக்கா. மறுபடி உங்க தூக்கம் கெட்டுடும்னு.”

“என் கை என்கிட்ட இருக்கு. உன் புத்திதான் பஸ்ல போயிட்டிருக்கு.”

திட்டிக்கொண்டே ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். நான் அழுதுகொண்டே தின்றேன்.

ஏப்ரல் 1, புதன்

சம்பளம். மூன்று நாள் பிடித்ததும் கோட்டுக்கு மிச்சத் தவணை பிடித்ததும் போகப் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். வீட்டுக்கு நாலாயிரம் அனுப்பிவிட்டு, தைரியம் போவதற்குள் போன் செய்தேன்.

“அம்மா, என் சம்பளம் இருபத்திரண்டு இல்ல. பதினஞ்சு.”

தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அம்மா தான் வேலை பார்க்கும் தையல் கடையில் இருந்தாள்.

“எப்பலேருந்து?”

“மொதல்லேருந்தே.”

கத்தரிக்கோலை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள், “எங்க கடையில பட்டன் கட்டறவளுக்கே பதினாறுடி.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு இல்லை அது.

எல்லாவற்றையும் சொன்னேன். வாடகை ஏறியது, கட்டில், ஊசி குத்தியது, பஸ். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்: “மூட்டையக் கட்டிட்டு வந்துடு.” அங்கே லேப் எங்கேம்மா இருக்கு என்றேன். “லேபு இல்லாட்டி என்ன, கட்டில் இருக்கு” என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

பஸ் பாஸ் எடுத்து வாடகையும் கொடுத்தால் மிச்சம் இரண்டாயிரத்துச் சொச்சம், நாளுக்கு எண்பது. கொடுக்காவிட்டால் அந்தப் பணம் ஊருக்குப் போக, கடன் அடைக்க ஆகும். அக்கா இன்று தன் பங்கை மட்டும் எண்ணி மேஜை மேல் வைத்திருக்கிறாள்.

அம்மாவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. கோபம்தான். இருக்கட்டும், அவள் கோபப்படாமல் வேறு யார் படுவார்கள்? வந்துடு என்று அவள் சொன்னது காதிலேயே இருக்கிறது. இன்று லேபில் ஒவ்வொரு டியூபையும் ஒட்டிவிட்டு இரண்டு தடவை பேரைப் படித்தேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் பிரச்சினையே. பிடிக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு புதுச் சத்தம். பணம் வந்தால் இப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. அனுப்பித்தான் பழக்கம்.

நான் அனுப்பிய நாலாயிரத்தில் இரண்டாயிரம் திரும்பி வந்திருந்தது. கீழே அம்மாவின் எழுத்து, புள்ளி எதுவும் இல்லாமல்: “கடன்காரர்கிட்ட பேசிட்டேன் பாதி பாதியா வாங்கிக்கறார் வாடகைய கட்டு மத்தியானம் சாப்பிடு”

“வேண்டாம்மா” என்று எழுதினேன். அழித்தேன். “சாரிம்மா” என்று எழுதினேன். அதையும் அழித்தேன்.

அக்கா வைத்ததோடு என் பங்கையும் சேர்த்துக் கீழே எடுத்துப் போனேன். கீழ் வீட்டம்மா இரண்டு தடவை எண்ணிவிட்டு உள்ளே போனார். படியிலேயே உட்கார்ந்து அம்மாவுக்கு அனுப்பினேன்: “கட்டிட்டேன்.”