பின் சீட்டில் அப்பா

உப்பளம், புதுச்சேரி
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு,

அம்மா சுலோசனா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை கலைவாணனும் குட்டி லட்சுமியும் அந்த ஊர்க் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. பின்பக்க முருங்கை மரம் போன வாரக் காற்றில் சாய்ந்துவிட்டது. துவைத்த துணி எதுவும் காய்வதில்லை, வீடு முழுக்க ஈர வாடை.

எதிர்வீட்டு மாலா அக்கா வியாழக்கிழமை உங்கள் ஊர் லியோனுக்கு, மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார். அவரிடம் முறுக்கும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன். அதோடு இந்தக் கடிதமும் வரும். ஃபோனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் அப்பா வந்து ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார், ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். நான் ஒரு வார்த்தை மாற்றிப் பேசினாலும் முறைக்கிறார். மாலா அக்கா வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று பார்த்தேன். குரலைக் கேட்டாலே நான் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. எழுதினால் நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். அவர் மதியம் படுத்திருக்கிறார். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் வீடியோவில் வாசல் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "புல்லட் எங்கப்பா?" என்று கேட்டாய். சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்று சொன்னார். சர்வீஸுக்கு விடவில்லை, விற்றுவிட்டோம். இப்போது வீட்டில் நிற்பது ஒரு ஸ்கூட்டர். அதை ஓட்டுவது நான்.

சிரிக்காதே. எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

அந்தப் பெரிய வண்டியை அப்பா எப்படி வைத்திருந்தார் என்று உனக்குத் தெரியும். கரண்ட் ஆபீஸில் லைன் இன்ஸ்பெக்டர் ஆன வருஷம் வாங்கியது. என் முதுகுக்கென்று சாய்மானம், இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றுக்குக் கண்ணாடி எல்லாம் வைத்துக்கொடுத்தது மெக்கானிக் அய்யப்பன்தான். வால்பாறை, ஹம்பி, கோகர்ணம் எல்லாம் அதில்தான் போனோம். மற்ற பெண்கள் நகை கேட்பார்கள், நீ மழைக்கோட்டு கேட்கிறாய் என்று உன் சித்தி கேலி செய்வாள். நான் ஊர்களைப் பார்த்ததெல்லாம் அவர் தோளுக்கு மேலேதான்.

பின்னால் உட்காருகிறவளுக்கு ஓட்டுகிறவரின் உடம்பு தெரியும். போன சித்திரையில் ஏற்காட்டுக்குப் போனபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஸ்பீட் பிரேக்கரில் வேகத்தைக் குறைக்காமல் தூக்கிப் போட்டார். ஒரு வளைவில் பஸ் பக்கவாட்டில் வந்தது, ஹாரன் அடித்த பிறகுதான் அவர் தோள் விறைத்தது. கேட்டால், "சைடுல வந்து வந்து பூர்றானுங்க, ஒருத்தனுக்கும் ரூல் தெரியல" என்றார். வீட்டிலும் அப்படித்தான். இடதுபக்கம் வைத்த காபி டம்ளரைத் தட்டிவிடுவார். கதவு நிலையில் தோள் இடிக்கும். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்குப் போனோம். கூட்டம் தாங்கவில்லை. திரும்பும்போது வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினார். பொரிக்கூடையோடு ஒரு பெண் இடதுபக்கத்திலிருந்து ரோட்டைக் கடந்தாள். ஒளிந்து வரவில்லை, ஓடியும் வரவில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு நடந்து வந்தாள். அப்பா நிறுத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் நிறுத்துகிற மாதிரியே இல்லை. கத்திக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பிரேக் போட்டார். வண்டி எங்களோடு சாய்ந்தது. கூடை பறந்தது. அவள் மேல் படவில்லை, அம்மன் புண்ணியம்.

எனக்கு முழங்கால் கிழிந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னேனே, அது இதுதான்.

அந்தப் பெண் சும்மா விடவில்லை. "ஏ மனுசா, இம்மாம் பெரிய பொம்பள வர்றேன், கண்ணு தெரியுதா இல்லியா உனக்கு?" என்று நடுரோட்டில் கத்தினாள். உன் அப்பா எப்படிப்பட்டவர், யாராவது ஒரு சொல் சொன்னால் பத்து சொல் திருப்பிக் கொடுப்பார். அன்றைக்கு மண்ணில் உட்கார்ந்தபடியே, "தெரியலம்மா. நெசமாவே தெரியல" என்றார்.

அப்புறம் அவளே என்னைக் கைத்தாங்கலாகத் தன் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்துக் காலைக் கழுவிவிட்டாள். தனக்கொடி என்று பேர். அப்பா அதற்குள் ரோட்டில் குனிந்து, மண்ணோடு கலந்த பொரியைக் கையால் அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். பையன்கள் நாலு பேர் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அய்யப்பனை வரச் சொல்லி வண்டியை ஒப்படைத்துவிட்டு நாங்கள் ஆட்டோவில் வந்தோம்.

கண்ணைக் காட்ட கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். சரி என்று சொல்லி, சரிபண்ணி வந்த வண்டியை வெளியே எடுத்தார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, "நான் ஏற மாட்டேங்க" என்றேன். வண்டியின் பக்கக் கண்ணாடியில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, "பஸ்ஸுக்கு நட" என்றார்.

கண்ணில் நீர் அழுத்தமாம். வலி இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருமாம். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற மூன்று விதச் சொட்டு மருந்து, கைவிடாமல் போட வேண்டும். அப்படியும் எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்று இப்போதே சொல்ல முடியாது என்று அந்த டாக்டர் பெண் பதமாகத்தான் சொன்னாள். உன் வயசுதான் இருக்கும். என்ன வண்டி ஓட்டுறீங்கப்பா என்று கேட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து புல்லட் என்றார். இனிமேல் எந்த வண்டியும் வேண்டாம் என்றாள்.

திரும்பும்போது அப்பா பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்க்கவே இல்லை. இறங்கும்போது, "பாப்பாகிட்ட சொல்லாத. கைக்குழந்தைய வெச்சிக்கிட்டு ஓடியாந்துடுவா" என்றார். சரி என்று சொன்னேன். உன்னிடம் மறைத்து மறைத்து, நீ ஃபோன் பண்ணினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டேன். என்னால் முடியவில்லை தேவி. அதனால்தான் சொல்கிறேன்.

வண்டி வாசலில் நின்றது. காலையில் துடைப்பார், ஸ்டார்ட் பண்ணுவார், கொஞ்ச நேரம் உறும விட்டு அணைத்துவிட்டு உள்ளே வருவார். உள்ளே வந்து பேப்பரை விரித்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டுதான் நான் தோசை வார்ப்பேன். மார்க்கெட்டுக்கு ஆட்டோ, ஆஸ்பத்திரிக்கு பஸ், அவசரத்துக்கு மாலா அக்கா மருமகன் வண்டி என்று நான் ஒவ்வொருவரிடமும் கேட்டு நின்றேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒருநாள் அய்யப்பனிடம், எனக்கு ஒரு சின்ன ஸ்கூட்டர் பாருப்பா என்று சொல்லிவிட்டேன். அப்பா காதில் விழும்படிதான் சொன்னேன்.

சாப்பிடும்போது, "சீட் உயரம் கம்மியா இருக்கணும். ரெண்டு காலும் தரையில ஊணணும் உனக்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பழைய துறைமுகத்துப் பக்கம் காலையில் ஆளில்லாத ரோட்டில் கற்றுக்கொண்டேன். அப்பா ஒரு பக்கம் நின்று, "ஆக்சிலேட்டர விடு! அத ஏன் இட்லி மாவு கரண்டி மாதிரி புடிக்கற?" என்று கத்துவார். இரண்டு தடவை விழுந்தேன். ஐம்பத்தாறு வயசில் ரோட்டில் விழுவது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் அப்படிக் கத்தி ரொம்ப நாள் ஆகியிருந்தது. கத்தட்டும் என்று இன்னும் கொஞ்சம் தப்பாக ஓட்டினேன்.

புல்லட்டை வாங்க வந்தது கடலூர்க்காரப் பையன், இராமதாஸ் என்று பேர். புதுசாகக் கல்யாணம் ஆனவன், பெண்டாட்டியோடு வந்தான். அவன் இஞ்சினைப் பற்றிக் கேட்கக் கேட்க அப்பா அரை மனசாகத்தான் பதில் சொன்னார். அந்தப் பெண்ணைப் பின்னால் உட்காரச் சொன்னார். "முதுகு நல்லா சாயுதாம்மா? கால் எட்டுதா?" என்று கேட்டார். நல்லா இருக்குங்க மாமா என்றாள். பிறகு அவனிடம் திரும்பி, "அவ தோள தட்டுனா எதுக்குன்னு கேக்காத, வண்டிய நிறுத்திடு" என்றார். ஏன் விற்கிறீர்கள் என்று அவன் கேட்டதற்கு மைலேஜ் பத்தவில்லை என்று சொன்னார். சொந்தக்காரர்களிடமும் அதையேதான் சொல்கிறார்.

அவர்கள் கிளம்பினார்கள். அப்பா வாசற்படியில் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பி, தெரு முனையில் ஒரு லாரிக்காக நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் துப்பட்டா ஆடுவதுகூட எனக்குத் தெரிந்தது. லாரி இரைச்சலில் வண்டிச் சத்தம் கேட்கவில்லை.

"போய்ட்டாங்களா?" என்று கேட்டார்.

"போய்ட்டாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். பின்னால் உட்கார அவருக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தடுமாறி, தொடை மேல் வைத்து, பிறகு பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். உப்பளம் தாண்டுவதற்குள் பிரேக், ஹாரன், பிரேக் என்று வாயாலேயே வண்டி ஓட்டினார். ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, "என்னா கலியபெருமாள், அண்ணி ஓட்றாங்க, நீ பின்னாடி?" என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா, "எல் போர்டு ஒட்டியிருக்குது பார்க்கல? நான் காவலுக்கு வர்றேன்" என்றார்.

சிக்னல் தாண்டியதும் வாயை மூடிக்கொண்டார். பிறகு தோளில் கை வைத்தார். "சுலோ, சைடுல என்னென்ன போவுதுன்னு சொல்லிக்கினே வா" என்றார்.

சொன்னேன். இடதுபக்கம் இளநீர்க் கடை, மூன்று பேர் நிற்கிறார்கள். வலதுபக்கம் ஸ்கூல் வேன். ஒரு நாய். புதுசாக ஒரு துணிக்கடை வந்திருக்கிறது, மஞ்சள் போர்டு. ஹெல்மெட்டுக்குள் தொண்டை வறண்டுபோனது. ரோட்டையும் பார்த்து, பக்கத்தையும் பார்த்து, வாயால் சொல்லவும் வேண்டும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் சாவியைக்கூட எடுக்காமல் படியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் இப்படித்தான் போகிறோம். வீட்டுக்கு வந்தால் சமைக்கக்கூடத் தெம்பு இருப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

போன வாரம் அவரே, ஏம்மா, இதுல திருவண்ணாமல வரைக்கும் ஓட்டுவியா என்று கேட்டார். மழை நிற்கட்டும் என்றேன். எனக்கு லாரியைக் கண்டாலே பயம். ஆனால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு உடனே ஃபோன் செய்யாதே. குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். மாப்பிள்ளையிடம் சொல், இரண்டு பேரும் ஆற அமர யோசியுங்கள். கோடை லீவுக்கு வருகிறோம் என்று சொன்னாய். சென்ற கோடைக்கும் அப்படித்தான் சொன்னாய், வேலை விடவில்லை, நான் குறை சொல்லவில்லை. இந்தத் தடவை கோடை வரைக்கும் தள்ள வேண்டாம் தேவி. பொங்கலுக்கு வா. குழந்தையை அவர் இன்னும் ஃபோன் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறார். அதையும் கிட்டே கிட்டே கொண்டுபோய்த்தான் பார்க்கிறார்.

வரும்போது, சின்ன வயசில் செய்வாயே, அந்த மாதிரி பக்கத்திலிருந்து ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடிக்காதே, திடுக்கிட்டுப்போவார். பகல் வெளிச்சத்தில், அவருக்கு நேர் எதிரே வந்து நில். லட்சுமியை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடி. அவசரப்படாமல், அவர் போதும் என்று சொல்லும்வரை பிடித்துக்கொண்டிரு.

நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, கண்ணுக்குக் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

உன் வரவுக்கு நாள் பார்த்திருக்கும்,
அம்மா