கறுப்பு வயரின் இடம்

மச்சான்,

இன்று காலை ஒன்பது வோல்ற் பற்றரி ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன். மின்சாரம் பார்க்கிற மீற்றர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. இருந்தும் கை தானாகவே பற்றரியை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. அந்தப் புளிப்பும் சுள்ளென்ற கடியும் நாக்கில் ஏறியதும், நீ என் மேசைக்கு அந்தப் பக்கம் வழக்கமான முக்காலியில் இருக்கிறாய் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் முக்காலியில் யாரோ திருத்தக் கொடுத்த மின்விசிறி இருந்தது.

பற்றரியில் உயிர் இருக்கிறதா என்று நாக்கால் பார்ப்பது உன் பழக்கம். படித்தவன் செய்கிற வேலையா என்று எத்தனையோ முறை ஏசியிருக்கிறேன். "உன்ரை மீற்றரிலும் பாக்க இது கெதியாச் சொல்லும்" என்பாய். நீ போய் இரண்டு மாதத்துக்குள் அதே விசர் வேலையை நானும் செய்யத் தொடங்கியிருக்கிறேன். உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டிய விஷயம் இது. கடையில் வேறு ஒருவருக்கும் இதில் என்ன பகிடி இருக்கிறதென்று விளங்காது.

பற்றரி உன் பேஸ் கிற்றாருக்கு. ஓம், அது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உன்னுடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அடுத்த கிழமை, உன் மனைவி றீற்றா குருநகரில் இருந்து மினிபஸ் ஏறி, அதைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு மருதனார்மடத்தில் என் கடைக்கு வந்தா. உங்கள் வேதக் கோயில் பாடகர் குழுவில் யாரோ வாசிக்கக் கேட்கிறார்களாம். "ஒருக்கால் திறந்து பாருங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னா. தேத்தண்ணி வேண்டாமென்று, எதிர்ப்பக்கம் வந்த முதல் பஸ்ஸிலேயே போய்விட்டா. அவவின் முகத்தை நேராகப் பார்க்க எனக்கும் தைரியம் இருக்கவில்லை.

பெட்டி மூன்று நாள் மூலையில் கிடந்தது. கோயில் ஒலிபெருக்கி, அரைக்கும் மெஷின், யாருடையவோ ரீவி என்று கண்ட கண்டதையெல்லாம் திருத்தினேன். அதை மட்டும் தொடவில்லை.

அந்தக் கிற்றாரை நீ முதன்முதல் கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் அக்கா கனடாவில், மொன்றியலில் இருந்து கொண்டுவந்தது. அங்கே ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள பட்டறையில் தனியாக இருந்து கையால் செய்தது. ஐந்து தந்தி, வால்நட் மரம், பின்பக்கத்தில் மரத்தோடு மரமாகப் பொருந்துகிற மூடி. மூடியைக் கழற்றினால் உள்ளே பிரீஆம்ப். தந்தியில் இருந்து வரும் மெல்லிய ஒலியை, அது வயருக்குள் இறங்கமுன்பே பெருக்கி, அடியையும் உச்சத்தையும் கூட்டவும் குறைக்கவும் விடுகிற சின்னச் சுற்று. அது வேலை செய்ய ஒரு ஒன்பது வோல்ற் பற்றரி வேண்டும். நாம் இரண்டு பேரும் பிரிந்தது அந்தப் பற்றரியால்தான்.

நாலு வருஷம் அது ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு உங்கள் கடற்கரை உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியது. முதலில் இரைச்சல், பிறகு குமிழைத் திருப்பும்போது கரகரப்பு, கடைசியில் இடையிடையே மௌனம். குமிழ்களைக் கழுவிப் பார்த்தேன், தந்திகளுக்குக் கீழே இருக்கும் காந்தங்களை நேராக அம்ப்புக்குக் கொடுத்துப் பார்த்தேன். காந்தங்கள் நல்லாகவே இருந்தன. பிழை பிரீஆம்ப்பில்தான். செய்தவர் அதைக் கறுப்புப் பசைக்குள் முழுதாகப் புதைத்திருந்தார், திறந்து திருத்த வழியில்லை. புதிதாக ஒன்றுதான் வாங்க வேண்டும், அக்காவை எதை அனுப்பச் சொல்வது என்று இரண்டு நாள் வாக்குவாதம்.

நீ கேட்டது சின்ன ஒன்று. இரண்டே குமிழ், ஆனால் ஒரு குமிழை மேலே இழுத்தால் பிரீஆம்ப்பை விலத்திப் பற்றரி இல்லாமலே சத்தம் வரும். "பற்றரி செத்தாலும் பாட்டு நிக்கக்கூடாது மச்சான்" என்றாய். நான் விடவில்லை. நம்மூர் மண்டபங்கள் எல்லாம் தகரக் கூரையும் வெறும் சுவரும். பேஸ் அடித்தால் சனத்தின் நெஞ்சுக்குள் போய் முட்டும், ஆனால் என்ன சுரம் என்று தெரியாது. அந்த முட்டலை வெட்ட நடுத்தொனிக்குத் தனிக் குமிழ் உள்ளதுதான் வேண்டும் என்றேன். அந்தப் பிரீஆம்ப்பில் பற்றரியை விலத்துகிற வசதி இல்லை. அதற்கென்று தனியாக ஒரு சுவிட்ச் போட்டுத் தா என்றாய். இந்த மரத்தில் துளை போடுகிறவனுக்குக் கை அழுகும் என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். வாசிக்கிறவன் நீ, தெரிவு செய்தவன் நான்.

பூட்டுகிற அன்று பார்த்தால் வயர் செருகுகிற ஜாக்கும் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அதையும் கழற்றி என்னிடம் இருந்த புதிய ஒன்றைப் போட்டேன். இந்த மாதிரிக் கிற்றாரில் ஜாக்தான் சுவிட்ச். அதற்கு மூன்று கால். பற்றரியின் கறுப்பு வயரை அதற்குரிய காலில் வைத்தால், அம்ப் வயரைச் செருகும்போது மட்டும் பற்றரி ஓடும், இழுத்தால் நிற்கும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று பெருமையடித்தேன். நீ முக்காலியில் இருந்து எட்டிப் பார்த்து, "மீற்றர் வச்சுப் பாக்கேல்லையோ?" என்று கேட்டாய். "எனக்குக் கண் இருக்கு" என்றேன்.

சத்தம் அருமையாக வந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு அரை மணித்தியாலம் வாசித்தாய். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் வந்து வாசலில் நின்றார்.

மூன்று கிழமையில் பற்றரி செத்தது. நீ வந்து சொன்னபோது, வயரைக் கழற்றாமல் விட்டிருப்பாய் என்றேன். "கழட்டினனான்" என்றாய். அடுத்த பற்றரியும் மூன்று கிழமைதான். நீ மறதிக்காரன் என்பது ஊருக்கே தெரியும். குடையைப் பஸ்ஸில் விட்டாய், ஹெல்மெற்றைப் பூசைக்குப் போன இடத்தில் விட்டாய், ஒருமுறை றீற்றாவையே சந்தையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாய். ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை. "வயரைக் கழற்றவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி உன் பெட்டியின் உள்மூடியில் ஒட்டிவிட்டேன். நீ சிரித்தாய். அது கோபத்தை அடக்கிய சிரிப்பென்று இப்போது தெரிகிறது.

பிறகு சாவகச்சேரிக் கல்யாணம். நம் இசைக்குழுவின் தலைவன் ஜெயம் கீபோட், நீ பேஸ், நான் ஒலிப்பலகையில். மூன்றாவது பாட்டில் உன் சத்தம் கிழியத் தொடங்கியது. பொம்பிளையும் மாப்பிளையும் வாசலில் வந்து நிற்க, உன் கை தந்தியில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒலிப்பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. சனம் திரும்பிப் பார்த்தது. ஜெயம் இடது கையால் பேஸைச் சமாளித்து ஒருமாதிரி முடித்தான். இடைவேளையில் எல்லோருக்கும் முன்னால் நான்தான் வாயைத் திறந்தேன். "பிளக் கழட்டத் தெரியாதவனுக்கு உந்தக் கிற்றார் எதுக்கு?" சாப்பாடு பரிமாறிய பெடியங்கள்கூடச் சிரித்தார்கள்.

"கழட்டினனான்" என்றாய், ஒரே ஒரு தரம், தணிந்த குரலில். பிறகு கிற்றாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாப்பிடாமல், கண்டி வீதியில் போய் பஸ்ஸுக்கு நின்றாய். நான் உன்னைக் கூப்பிடவில்லை.

ஜெயத்துக்கு அன்றைக்கு ஒன்று விளங்கிவிட்டது, இடது கை இருந்தால் பேஸ்காரன் தேவையில்லை என்று. உன் இடம் அப்படியே போனது. அந்தக் குழுவுக்கு நான் தொடர்ந்தும் ஒலிப்பலகை பார்த்தேன், இதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். உன் பிழைதானே, நீயாக வந்து ஒரு வார்த்தை கதைப்பாய் என்று இருந்தேன். நீ வரவில்லை. மூன்று வருஷம் போனது. ஒரு பின்னேரம் சந்தியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் உன் முகத்தைக் கண்டேன். நித்திரையிலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். செத்தவீட்டில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். உன்னைத் தூக்கும்போது முன்னுக்கு வந்து தோள் கொடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தேன்.

றீற்றா கொண்டுவந்து வைத்த நாலாம் நாள் பெட்டியைத் திறந்தேன். என் கையெழுத்து உள்மூடியில் அப்படியே இருந்தது, நீ அதைக் கிழிக்கவில்லை. பற்றரி வைக்கிற குழி வெறுமை. அதன் மூடியின் விளிம்பு தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தது, நாளுக்கு நாள் திறந்து மூடிய மாதிரி. புதுப் பற்றரி ஒன்றை வைத்தேன். வயர் ஏதும் செருகவில்லை. மீற்றரை இடையில் கொடுத்துப் பார்த்தேன். முள் எழும்பியது, வயர் இல்லாமலே பற்றரி ஓடிக்கொண்டிருந்தது.

ஜாக்குக்குள் ஈரமாக்கும் என்று முதலில் துணியால் துடைத்தேன். பார், அப்போதும் என்னை நான் சந்தேகப்படவில்லை. பிறகு பின்மூடியைக் கழற்றி விளக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். கறுப்பு வயர் தப்பான காலில் இருந்தது. பழைய ஜாக்கில் அந்தக் கால் நடுவில், நான் போட்ட புதியதில் ஓரத்தில். பழக்கத்தில் நடுவிலேயே வைத்திருக்கிறேன். கொழுத்த, பளபளத்த ஈயப் பொட்டு. என் பொட்டை எனக்குத் தெரியாதா. வயரைக் கழற்றினாலும் கழற்றாவிட்டாலும் பற்றரி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும், மூன்று கிழமையில் செத்துப்போகும்.

நீ ஒவ்வொரு முறையும் கழற்றித்தான் வைத்திருக்கிறாய்.

கடையைச் சாத்திவிட்டு முதலில் ஜெயத்திடம்தான் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அது பழங்கதை அண்ணை, விடுங்கோ" என்றான். குழுவில் அன்றைக்குச் சிரித்த மற்ற இரண்டு பேரையும் தேடிப்போய்ச் சொன்னேன். ஒருவனுக்கு அந்தக் கல்யாணமே நினைவில் இல்லை. உன் பெயரைக் கெடுக்க எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அதை நேராக்க ஊர் முழுக்க அலைந்தும் கேட்க ஆள் கிடைக்கவில்லை. அழுகை வந்தது மச்சான், நீர்வேலி வாழைத்தோட்டத்துப் பக்கம் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதேன்.

அடுத்த நாள் குருநகருக்குப் போனேன். றீற்றா வாசலில் கதிரை போட்டுத் தந்தா. சொல்லி முடிக்கும்வரை நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிழை, அவன் கழற்றித்தான் வைத்தவன், நான்தான் வயரை மாறி வைத்தது என்றேன்.

"அவருக்குத் தெரியும் அண்ணை" என்றா.

அக்காவைப் பிளேன் ஏற்றக் கொழும்புக்குப் போனபோது நீ கிற்றாரையும் கொண்டுபோய் அங்கே ஒருவரிடம் காட்டியிருக்கிறாய். அவர் பார்த்தவுடனே பிழையைச் சொல்லிவிட்டாராம், ஐந்து நிமிஷ வேலை, இப்போதே மாற்றித் தருகிறேன் என்றாராம்.

"இவர் விடேல்லை. 'உதை அவன் வந்து பாக்கட்டும்' எண்டு மூடிக் கொண்டுவந்திட்டார். பூசையிலை வாசிச்சு முடிய ஒவ்வொரு நாளும் பற்றரியைக் கழட்டிச் சட்டைப் பொக்கெற்றுக்கை போடுவார். நான் ஏசுவன், ஆரிட்டையும் குடுத்துச் செய்விக்கலாம்தானே எண்டு."

"என்ன சொன்னவன்?"

"உங்கடை வரவைப் பாத்துக்கொண்டிருந்தவர்."

அது கோபமா, வீம்பா, அல்லது நான் வருவேன் என்ற நம்பிக்கையா, எனக்குத் தெரியாது. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். நீ அப்படிப்பட்டவன்தான். உன் வீட்டுப் பக்கம், யாழ்ப்பாணம் போகிற பஸ் என் கடை வாசலில்தான் நிற்கும். நான் ஒருநாளும் ஏறவில்லை.

இப்போது எந்த வேலையையும் மூடிக்கட்ட முன்பு மீற்றர் வைத்துப் பார்க்கிறேன். "நான் சரியாத்தான் பாவிச்சனான்" என்று யாராவது சொன்னால், அவரைத் திருப்பி அனுப்ப முன்பு என் கைவேலையைத் திறந்து பார்க்கிறேன். பாதிப் பேருக்கு அது விளங்குவதில்லை, இந்த மனிசனுக்கு வயது போய்விட்டது என்று நினைக்கிறார்கள்.

இன்று காலை அந்தக் கறுப்பு வயரை இடம் மாற்றினேன். கொழும்புக்காரர் சொன்னது சரி, ஐந்து நிமிஷம்கூட எடுக்கவில்லை. மீற்றர் வைத்தேன், முள் அசையவில்லை. வயரைச் செருகினேன், எழும்பியது. கிற்றாரை அம்ப்பில் கொழுவி, தடித்த தந்தியை ஒரு தரம் தட்டினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அந்த ஒரு சுரம் கடை முழுக்க நின்று, மெல்ல மெல்ல அடங்கியது.

இந்த வேலையை வேறு எவனையும் தொடவிடாமல் எனக்கென்றே வைத்திருந்தாய். வேலை முடிந்துவிட்டது, மச்சான். வந்து வாசித்துப் பார்த்து, சரி என்று சொல்லத்தான் நீ இல்லை.