இரண்டாம் மதகில் நீ கேட்டது

மாப்ள,

இன்று காலை கால்வாய்க்கரையில், "மாப்ள, சாணி கெடக்கு, பாத்து" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நானே அதில் காலை வைத்தேன். பின்னால் நடந்து வந்த அம்மா ஒருவர், "யாருகிட்டண்ணே பேசுறீக?" என்றார். போனில் என்றேன். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

தண்ணீர் திறந்து இரண்டு நாளாகிறது. காய்ந்த மண்ணில் புதுத்தண்ணீர் ஏறும் அந்த வாடைதான் என்னைப் பேச வைத்தது. போன வருஷமும் இதே வாடையில்தான் கடைசியாக நடந்தோம்.

நம் இருவருக்கும் ஒரே வாரத்தில் சர்க்கரை கண்டுபிடித்தார்கள். டாக்டர் வேகமாக நடக்கச் சொன்னார். நாம் தேர் நகர்கிற மாதிரி நடந்தோம். வெள்ளைக்காரன் காலத்துக் கரை, புளியமர நிழல், மதகுக்கு மதகு உட்கார்ந்து ஊர்க்கதை. மதகுச் சுவரில் செதுக்கியிருக்கும் இங்கிலீஷை, என் எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்து வாசித்துக் காட்டுவேன். "தெனம் ஒண்ணு வாசிக்கிறியேடா, ராத்திரியில வந்து மாத்தி எழுதிட்டுப் போறாய்ங்களா?" என்பாய்.

அன்றைக்கு இரண்டாம் மதகில் நின்றுவிட்டாய். நெஞ்சைத் தடவிக்கொண்டே, "என்னமோ அடைக்குது மாப்ள. திரும்பிருவமா?" என்றாய்.

"நேத்துத் தின்ன பரோட்டாடா. வாய்வு. நாலு எட்டு வையி, ஏப்பத்துல போயிரும். இம்புட்டுக்கே பொண்டாட்டிகிட்ட ஓடுறியாக்கும்?"

சிரித்தாய். என் கேலிக்காகத்தான் நடந்தாய். மூன்றாம் மதகுப் பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் கொடுத்தேன். நெஞ்சு அடைத்தால் நம் பக்கத்தில் முதல் வைத்தியம் அதுதானே. என் அப்பாவுக்கும் அப்படித்தான் கொடுத்தோம். அவருக்கு நிஜமாகவே வாய்வு. அந்தத் தைரியம் எனக்கு. உனக்கும் ஓர் ஏப்பம் வந்தது. "நான் டாக்டருக்குப் படிச்சிருக்கணும்ணே" என்று கடைக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். திரும்பினால் நீ பெஞ்சில் சாய்ந்து கிடந்தாய். சட்டை முழுக்க வேர்வை.

ஆட்டோவில் என் மடியில்தான் வந்தாய். "வலி வந்த ஒடனே கொண்டாந்திருக்கலாமே" என்றார் டாக்டர்.

உன் மனைவி ஓடி வந்து, "எப்பண்ணே வலிச்சுச்சு?" என்றாள்.

"கடைகிட்ட வந்தப்பதான் தங்கச்சி."

ஒரு மதகு தூரத்தை முழுங்கிவிட்டேன். நம் நடைக்கு அது அரை மணி நேரம். இப்போதெல்லாம் இரண்டாம் மதகோடு திரும்பிவிடுகிறேன். அதற்கு மேல் கால் போவதில்லை.

நேற்று உனக்கு முதல் தெவசம். சர்க்கரைக்காரன் என்று எனக்கு மட்டும் பாயசத்தை அரைக் கரண்டியாக ஊற்றினாள் தங்கச்சி. பிறகு பந்தியில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "வலின்னு சொன்னதுமே சோடா வாங்கிக் குடுத்து, ஆட்டோ புடிச்சு, எங்கண்ணன் இல்லேன்னா அவரு அநாதையா கரையில கெடந்திருப்பாரு" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இலையையே பார்த்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து தங்கச்சி" என்றேன்.

'திரும்பிருவமான்னு கேட்டான் தங்கச்சி, நான்தான் விடல' என்று சொல்லவில்லை.