மண்டபத்துப் பின்னால் நீல டிரம்

பெண்டாங்
18.2.2024

அன்புள்ள சாந்தினி அப்பாவுக்கு,

உமா எழுதுகிறேன். அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகம். போனில் பேசினால் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். காகிதத்துக்கு 'ம்' கொட்ட முடியாதல்லவா, அதனால்தான் இது.

நீங்கள் அனுப்பிய முட்டைத் தட்டு புவனேசன் லோரியில் வந்து சேர்ந்தது. அண்ணி ஆசையாக நாலு முட்டை அவித்தார். உரிக்கும்போதே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு அது வீட்டுக் கோழி முட்டை. எனக்கோ அது யாரோ கடித்துப் போட்ட கோழிக்கால், யாரோ பிசைந்து வைத்துவிட்டுப் போன ரசச்சோறு.

நான் வளர்த்த கோழிகள் அவை. பீடோங் சந்தையில் குஞ்சாக வாங்கி, குருணையும் கீரைத்தண்டும் போட்டு வளர்த்தேன். எச்சத்தை மக்கவைத்துக் கத்தரிக்கும் வெண்டைக்கும் போட்டேன். வாசல் மணக்காவிட்டாலும் நாறியதில்லை. நீங்கள் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தீர்கள். தீனி விலை ஏறிவிட்டது என்று மண்டபம் மண்டபமாக அலைந்து, கல்யாண எச்சிலை நீல டிரம்மில் கொண்டுவந்து கொட்டினீர்கள். என் கீரைப் பாத்தியில் புழு நெளிந்தது. என் பெட்டைக்கோழி கறுப்பி ஒரு கோழி எலும்பைக் கொத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதையும் பொறுத்தேன். ஆனால் என் அண்ணன் மகள் கல்யாணத்திலுமா? பந்தி முடிந்ததும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்டபத்துப் பின்னால் இலை இலையாக வழித்து டிரம்மில் போட்டுக்கொண்டு நின்றீர்கள். முழங்கைவரை சாம்பார். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் என்னிடம், "யாரும்மா அவரு, கேட்டரிங் ஆளா?" என்று கேட்டார். "தெரியலைங்க" என்று சொல்லிவிட்டேன். கட்டின புருஷனைத் தெரியாது என்று சொல்ல வைத்துவிட்டீர்கள்.

டிரம்மைத் தூக்கிப் போடுங்கள். கொல்லையைக் கழுவுங்கள். வருகிறேன்.

இப்படிக்கு,
சாந்தினி அம்மா


செமிலிங்
25.2.2024

அன்புள்ள உமாவுக்கு,

பரஞ்சோதி எழுதுவது. நான் நலம். கோழிகளும் நலம். நீ மட்டும்தான் கோபம்.

கல்யாணச் சோறு என்ன விஷமா? சாக்கடையில் போவதைக் கோழிக்குப் போட்டேன், அதில் என்ன கேவலம்? முட்டையை உடைத்துப் பார், மஞ்சள் கரு எப்படிச் சிவந்திருக்கிறது என்று. கத்தரிக்காய் என் முழங்கை நீளம். பக்கத்து வீட்டு ஜூலியஸ்கூட "அங்கிள், எனக்கும் ஒரு தட்டு குடுங்க லா" என்று வாங்கிப் போகிறான். ஈ கொஞ்சம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். உன் கீரைப் பாத்தியைக் கோழிகள் கிளறிவிட்டன, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

உன்னைவிடக் கோழிகள் எவ்வளவோ மேல். யார் எச்சில் என்று அவை கேட்பதில்லை. போட்டதைத் தின்கின்றன, சத்தமில்லாமல் முட்டை இடுகின்றன. ரோஷமும் இல்லை, மூக்கைப் பிடிப்பதும் இல்லை.

விளையாட்டுக்குத்தான் எழுதினேன், கோபிக்காதே. சீக்கிரம் வா. கடைச் சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

உன்
பரஞ்சோதி


பெண்டாங்
3.3.2024

அன்புள்ள சாந்தினி அப்பாவுக்கு,

உங்கள் விளையாட்டைப் படித்தேன். யார் எச்சில் என்று கேட்காமல் தின்ற ஒருத்தியை எனக்கும் தெரியும்.

கல்யாணமாகி எஸ்டேட் வீட்டுக்கு வந்த புதிதில் உங்கள் அம்மா சொன்னார்: "புருஷன் சாப்பிட்ட எலையிலயே நீயும் சாப்புடும்மா, அப்பத்தான் பாசம் ஒட்டும்." நானும் உட்கார்ந்தேன். நீங்கள் சப்பிப் போட்ட முருங்கைக்காய் ஒரு பக்கம், மீன் முள் ஒரு பக்கம். நடுவில் இருக்கிற இடத்தில் எனக்குச் சோறு. உங்கள் அம்மா கண்ணை மூடும்வரை அப்படித்தான் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு நான் தட்டுக்கு மாறினேன். அது உங்கள் கண்ணில்கூடப் படவில்லை.

ஒரு நாள் நீங்கள் ஏதோ நினைப்பில் இலையிலேயே கை கழுவிவிட்டீர்கள். சாந்தினி அப்போது என் வயிற்றில். வாசனை பட்டாலே வாந்தி. உங்கள் அம்மா வேறு இலை எடுத்துத் தரவில்லை. நான் அந்தத் தண்ணீரைச் சாய்த்துவிட்டு, அந்த இலையிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, குமட்டக் குமட்ட விழுங்கினேன். நீங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு வெற்றிலை கேட்டீர்கள்.

மண்டபத்துக்குப் பின்னால் உங்களைப் பார்த்தபோது எனக்கு வந்த அருவருப்பு அந்த டிரம்மால் மட்டும் வந்ததல்ல. அந்த ஈர இலை அப்படியே கண்முன் வந்து நின்றது. இத்தனை வருடம் கழித்தும் அதே குமட்டல்.

டிரம் கதை இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள், நம்புகிறேன்.

உமா


செமிலிங்
12.3.2024

அன்புள்ள உமாவுக்கு,

நீ கேட்டபடி டிரம்மை ஜூலியஸிடம் கொடுத்துவிட்டேன், அவன் மழைத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்கிறான். கொல்லையை மருந்து ஊற்றிக் கழுவினேன். இடுப்பு போய்விட்டது. கடைத் தீனி வாங்கிப் போடுகிறேன், கோழிகள் அதைச் சீந்தக்கூட மாட்டேன் என்கின்றன. முட்டை குறைந்துவிட்டது. கறுப்பி தன் முட்டையைத் தானே உடைத்துக் குடிக்கிறது, பார்க்கவே சகிக்கவில்லை. உனக்கு இப்போது திருப்திதானே?

பழைய கதையை ஏன் கிளறுகிறாய்? அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அம்மா இல்லாதபோது அவரைக் குறை சொல்வது நன்றாகவா இருக்கிறது?

கேட்டாய், அதனால் சொல்கிறேன். ஞாபகம் இருக்கிறது. நீ முகம் சுளிக்காமல் சாப்பிட்டாய். பிடித்துத்தான் சாப்பிடுகிறாய் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை புவனேசன் லோரி வருகிறது, அதிலேயே வந்துவிடு. சட்டி, தட்டு எல்லாம் போன வாரத்திலிருந்து ஊறிக் கிடக்கின்றன.

உன்
பரஞ்சோதி


பெண்டாங்
17.3.2024

பரஞ்சோதி அவர்களுக்கு,

டிரம்மைக் கொடுத்தது நல்ல காரியம். நான் கேட்டதைச் செய்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் வரவில்லை. இந்த வெள்ளியும் இல்லை, அடுத்த வெள்ளியும் இல்லை.

ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தால் வந்திருப்பேன்.

இங்கே அண்ணன் வீட்டுக் கொல்லையில் கூண்டு கட்டி, முட்டையிடும் பெட்டைகள் இரண்டு வாங்கி விட்டிருக்கிறேன். வயல் பக்கம் என்பதால் தவிட்டுக்கும் நெல்லுக்கும் பஞ்சமில்லை. கீரை முளைத்துவிட்டது. கறுப்பியைப் புவனேசனிடம் கொடுத்து அனுப்புங்கள், அது என் கோழி. முட்டையைக் குடிப்பது அதன் கெட்ட குணமல்ல, சத்துக் குறைவு. முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்துத் தீனியில் கலந்து போட்டு, முட்டை இட்டதும் எடுத்துவிட்டால் விட்டுவிடும்.

இந்தக் கடிதத்தோடு நாலு முட்டை அனுப்புகிறேன். சுத்தமான முட்டை. அவித்துச் சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் தட்டைக் கழுவிவிடுங்கள். மஞ்சள் கரு காய்ந்துவிட்டால் லேசில் போகாது.

உமாராணி