ஜீப்பை அனுப்ப ஏலாது

கிண்ணியா,
மார்ச் 1974

மச்சானுக்கு என் ஸலாம்.

ஜீப்பை மூதூருக்குக் கொண்டுவரும்படி என் மூத்த காக்காவுக்குச் சொல்லி அனுப்பினீர்களாம். ஜீப்பை மட்டும்தான் கேட்டீர்களாம். அனுப்ப ஏலாது. பிரேக் சரியில்லை.

நானே ஏறிப் பார்த்தேன். முதல் மிதிக்குப் பெடல் அடிவரை போகிறது. இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கிறது. மிதித்தபடியே இருந்தேன், பெடல் இறங்கவில்லை. பிரேக் எண்ணெய் குறையவில்லை, நாலு சில்லுகளிலும் கசிவில்லை. ஆகவே பிரேக் லைனர் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது.

இருக்கையை உங்கள் காலுக்கு அளவாகவே விட்டிருக்கிறேன். நுனியில் குந்தித்தான் மிதித்தேன். அதில் கிடக்கும் உங்கள் துவாயை இன்னும் தோய்க்கவில்லை.

காக்கா, "இறுக்கினாச் சரிதானே தங்கச்சி, ஸ்பனரத் தா" என்றார்.

"ஸ்பனரக் காணல்ல" என்றேன்.

"அப்ப மெதுவா ஓட்டிக்கிட்டுப் போறன்" என்றார். ஆற்றைக் கடக்கப் படகுப்பாதையில் ஏற்றும்போது பிரேக் பிடிக்காவிட்டால் ஜீப்போடு ஆற்றுக்குள்தான் என்று சொன்னேன். அடங்கிவிட்டார்.

வீடு என் சீதனம்தான். அதை நான் ஒரு கோபத்தில் சொன்னால், ஜீப்பையும் விட்டுவிட்டு மூதூருக்கு நடந்தே உங்கள் உம்மா வீட்டுக்குப் போவதா? வழியில் என்ன சாப்பிட்டீர்களோ!

ஸ்பனர் அலுமாரிக்குள், உங்கள் சேர்ட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. அலுமாரியைப் பூட்டித் திறப்பை என் இடுப்பில் செருகியிருக்கிறேன். காக்காவுக்குச் சொல்ல வேண்டாம்.

நீங்களே வந்து இறுக்குங்கள். பெடலை மிதித்துப் பார்க்க நான் இருக்கிறேன். அதுவரை இந்த ஜீப்புக்குப் பிரேக் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி