வெறுந்தூளி

சவ்வாது மலை
5-12-1978

மேடைதோறும் முழங்கும் என் கணவர் தாண்டவராயன் அவர்களுக்கு,

நலம் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. சாமை விற்கப் படவேட்டுக்குப் போய்த் திரும்பிய சின்னதம்பி, நேற்று மருத்துவ நிலைய வாயிலில் பத்துப் பேர் நடுவே கேட்டார்: "இன்னா நர்சம்மா, உன் வூட்டுக்காரரு மைக்குல உன்ன வெறுந்தூளின்றாரே! மலைக்கும் வூட்டுக்கும் ஊசலாடுறியாமே? கூட்டமே சிரிச்சிது போ!"

நாற்பதாம் நாளில் நாம் புதைத்த மகனின் தூளி, இன்னும் உங்கள் வீட்டு விட்டத்தில் தொங்குகிறது. அதன்கீழ் உறங்கி எழுந்துதான் அப்படிப் பேசினீர்களா?

வடிவு

கலசப்பாக்கம்
9-12-1978

வடிவுக்கு,

இன்று சனிக்கிழமை. நீ இறங்கி வரவில்லை, கடிதம் வந்தது.

ஊசலாடுதல் என்பது இங்குமங்கும் அசைதல். கயிற்றில் தொங்கும் பலகை ஊசலாடும், வெறுந்தூளியும் ஊசலாடும். முடிவெடுக்க அஞ்சும் நெஞ்சமும் ஊசலாடும். சனிக்கிழமை இறங்குகிறாய், திங்கள் விடியலில் ஏறுகிறாய். பணியை விடவும் மறுக்கிறாய், வீட்டில் தங்கவும் மறுக்கிறாய். இதற்கு வேறு சொல் உண்டா? கொள்கையில் தடுமாறுவோரைச் சாட எடுத்துக்காட்டு ஒன்று வேண்டியிருந்தது. மகனை நான் நினைக்கவில்லை. சொல்லில் பிழையில்லை.

தாண்டவராயன்

சவ்வாது மலை
14-12-1978

சொல்லில் பிழை காணாதவருக்கு,

அதன் பொருளை நீங்கள் அறிவீர்கள். அதை எங்கே வழங்கக் கூடாது என்பதை இம்மலை மக்கள் அறிவார்கள். பிள்ளையில்லாத் தூளியை இங்கு யாரும் ஆட்டுவதில்லை. காற்றில் அசைந்தாலும் ஓடிவந்து பிடித்து நிறுத்துவார்கள். நீங்களோ ஒலிபெருக்கி வைத்து ஆட்டினீர்கள்.

ஒன்பது ஆண்டுகள் இறங்கி ஏறியவள் நான். ஒருமுறையேனும் நீங்கள் ஏறியதுண்டா?

பொங்கலுக்குள் அதே படவேட்டு மேடையில், "சொன்னது தவறு" என்று சொல்லுங்கள், வருகிறேன். இயலாதெனில் தூளித் துணியைச் சின்னதம்பியிடம் கொடுத்தனுப்புங்கள். அதன்பின் நான் இறங்கமாட்டேன்.

வடிவு

கலசப்பாக்கம்
13-1-1979

வடிவுக்கு,

நேற்று படவேட்டில் ஒரு மணிநேரம் பேசினேன். கைத்தட்டலுக்குக் குறைவில்லை. அந்த இரண்டு சொற்கள் மட்டும் வாயில் வரவில்லை.

துணியைச் சின்னதம்பி கொண்டுவருவார்.

அவிழ்க்கக் கை வைத்ததும் தூளி ஆடிற்று. இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அசைவு முற்றிலும் அடங்கிய பிறகே முடிச்சை அவிழ்த்தேன்.

தாண்டவராயன்