தொப்பைன்னு சொல்லாத

மாமா,

கொழம்பு அடுப்பு மேல கீது. அம்மு பக்கத்து வூட்ல கீறா, போய் கூட்டிக்கினு வா. தண்ணி லாரி வந்தா கொடத்த நீயே தூக்கு.

பத்து மணிக்கு இன்சூரன்ஸ்காரர் திரும்ப வர்றாரு. எனக்கு அந்நேரம் ஆஸ்பத்திரில ஸ்கேன். போன வாட்டி அவராண்ட வெக்கப்பட்டுக்கினு, "தொப்பைய கொறைக்கத்தான் சார் அவளுக்கு ஆபரேசன்"னு சொல்லிட்ட. அழகுக்குப் பண்ற ஆபரேசனுக்குத் துட்டு கெடையாதுன்னு எழுதிக்கினு போய்ட்டாரு.

இந்த வாட்டி ஒழுங்கா சொல்லு. அம்மு பொறந்ததுலேர்ந்து என் வயித்துத் தசை நடுவுல பிரிஞ்சு கீது. எக்சர்சைஸ் பண்ணியும் சேரல, தைச்சாதான் சேரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் ஒண்ணும் சினிமாவுல நடிக்கப் போவல.

ரமாபாய்

அப்பவும் வெக்கமா இருந்தா, டெய்லி காலைல பாயிலேர்ந்து எழுந்துக்க நான் உன் கையப் புடிக்கிறேனே, அத மட்டும் சொல்லு.